பாக்கி யாருடையது?

போன இதழில், கணினி நிரல் (புரோகிராம்) எழுதப் பழகும்போது கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. அதனால் அதற்கு இடம் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். நிரலை அப்படியே அச்சிட்டால் பக்கம் போதாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்; வாயால் சொல்லும் வகையில் சொல்கிறேன்.

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. கிளாஸ் என்றால் புளூபிரிண்ட், ஆப்ஜெக்ட் என்றால் அதன் இன்ஸ்டன்ஸ் என்று எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கிவிட்டேன். ஆனால் சொந்தமாக ஒன்று எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. எப்போது கிளாஸ் எழுத வேண்டும், எதற்கு எழுத வேண்டும் என்றே தெரியவில்லை. (மாணவி, கொருக்குப்பேட்டை)

நானும் ஒன்பதுதான் வாங்கினேன் மகளே. தொண்ணூறுகளின் கடைசி. பகலில் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஷிப்பிங் பில் டைப் அடிப்பேன். சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி பிளஸ் பிளஸ். மாஸ்டர் கரும்பலகையில் ஒரு வீட்டின் வரைபடம் போட்டு "இது கிளாஸ்" என்றார். பக்கத்தில் மூன்று வீடு வரைந்து "இவை ஆப்ஜெக்ட்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்த வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள், எதற்காகக் கட்டினோம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அரை மணி நேரம் மெஷின் கிடைக்கும். அதில் பாதி, செமிகோலனை எங்கே விட்டோம் என்று தேடுவதில் போகும்.

எனக்கு விஷயம் புரிந்தது ரொம்ப வருஷம் கழித்து, அண்ணனின் ஐஸ் கணக்கில் திட்டு வாங்கிய அன்றுதான்.

அண்ணன் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவர். கடலுக்குப் போகிற படகு ஐஸை ஏற்றிக்கொண்டு போய்விடும். பணம், திரும்பி வந்து மீன் விற்ற பிறகுதான். ஆகவே கடன் நோட்டு. அந்த நோட்டு ஈரக் கையில் ஊறி ஊறி, பாதிப் பக்கம் மை கலைந்து கிடக்கும். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, அதுல போட்டுக் குடு" என்றார். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு லிஸ்ட். ஒன்றில் படகுகளின் பெயர், இன்னொன்றில் பாக்கி. முதல் லிஸ்டில் ஐந்தாவது பெயர் யாரோ, இரண்டாவது லிஸ்டில் ஐந்தாவது தொகை அவருடையது. இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது.

அப்புறம் ஒருநாள் அண்ணன், "பேரைத் தேடவே நேரம் ஆவுது, வரிசையா அடுக்கிக் குடு" என்றார். ஒரே வரி வேலை. பெயர் லிஸ்டை சார்ட் செய்தேன். பெயர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அகர வரிசையில் போய் நின்றன. பாக்கிகள் பழைய இடத்தை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் விடியற்காலை, ஏலம் முடிந்த கையோடு ஒரு படகுக்காரர் வந்து நின்றார். "இன்னா நைனா, போன வாரம்தான் மொத்தமா கட்டுனேன். பதினெட்டாயிரம் பாக்கின்னு காட்டுது?" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். உண்மையிலேயே பதினெட்டாயிரம் பாக்கி வைத்திருந்தவர் கணக்கில் சைபர் காட்டியது. அவர் மட்டும் சத்தமே போடாமல் போய்விட்டார். பழைய நோட்டைக் குப்பையில் போடாமல் அரிசி டின்னுக்கு மேலே வைத்திருந்த அண்ணிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றினார்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். சார்ட் செய்தது குற்றமில்லை. ஒரு படகின் பெயரும் அதன் பாக்கியும் சேர்ந்தே இருக்க வேண்டியவை. நான் அவற்றைப் பிரித்து இரண்டு இடத்தில் போட்டுவிட்டு, "ஐந்தாவது" என்ற ஒரு எண்ணை நம்பி முடிச்சுப் போட்டிருந்தேன். நோட்டில் அண்ணன் அப்படியா எழுதினார்? படகுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே ஏற்றியது, கட்டியது, மிச்சம். பக்கத்தைக் கிழித்து வேறு இடத்தில் ஒட்டினாலும் பாக்கி அந்தப் பெயரோடுதான் போகும்.

அந்தப் பக்கம் இருக்கிறதே, அது ஆப்ஜெக்ட். ஒவ்வொரு பக்கத்திலும் இன்னின்ன கட்டம் இருக்க வேண்டும், இப்படித்தான் கூட்ட வேண்டும், இப்படித்தான் கழிக்க வேண்டும் என்று அண்ணன் மனதில் ஒரு ஏற்பாடு இருந்ததே, அது கிளாஸ். ஏற்பாட்டுக்குப் பாக்கி கிடையாது. பக்கத்துக்குத்தான் பாக்கி.

பெயரையும் தொகையையும் சேர்த்து வைக்க டிக்ஷனரியே போதுமே என்று நீ கேட்கலாம். போதும். நானும் மறுநாள் அதைத்தான் செய்தேன். அது இன்னொரு இடத்தில் கடித்தது. பாக்கியை மாற்றுகிற வரி என் நிரலில் நாலு இடத்தில் இருந்தது: ஐஸ் ஏற்றும்போது, பணம் வரும்போது, உருகிப்போன ஐஸ் பாருக்குத் தள்ளுபடி கொடுக்கும்போது, தப்பாக அடித்ததைத் திருத்தும்போது. தள்ளுபடி வரியில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தேன். கண்டுபிடிக்க மூன்று நாள். அதற்குப் பிறகுதான் கிளாஸ் எழுதினேன். படகு என்று பெயர். அதற்குள் பெயர், பாக்கி. கூடவே ஐஸ் ஏற்று, பணம் கட்டு, தள்ளுபடி கொடு என்று மூன்று ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து முடிக்கிற நிரல் துண்டு. பாக்கியைத் தொடுகிற உரிமை அந்த மூன்றுக்கு மட்டும். திருத்துவதற்குத் தனி வழி வைக்கவில்லை. தப்பாக ஏற்றியதைத் தள்ளுபடியாகவே கழித்துக்கொள்ளலாம். கணக்கு உதைத்தால் இனி மூன்று இடத்தில் தேடினால் போதும், முந்நூறு வரியையும் புரட்ட வேண்டாம்.

ஆகவே உனக்கு நான் சொல்வது: கிளாஸில் தொடங்காதே. முதலில் லிஸ்டும் ஃபங்ஷனுமாகக் கோணல்மாணலாக எழுது. நாலைந்து ஃபங்ஷனுக்கு அதே மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று கை வலிக்கும்போது நிறுத்து. அந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியவை. உங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர் இருப்பார் இல்லையா? எந்த வீட்டில் எத்தனை காலிக் கேன் நிற்கிறது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதிப் பார். "கார் ஒரு கிளாஸ், பென்ஸ் ஒரு ஆப்ஜெக்ட்" என்பதை விட்டுவிடு. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது பார்த்தது தவிர பென்ஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

தேர்வில் மட்டும் புளூபிரிண்ட் என்றே எழுது. ஒன்பது மார்க்கை ஏன் விடுவானேன்.

மணலியில் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். போனிலேயே பைத்தான் பழகுகிறேன். எல்லா ஃபங்ஷனிலும் செல்ஃப் என்று எழுதச் சொல்கிறார்கள். விட்டுவிட்டால், "ஒன்றுதான் வாங்கும், இரண்டு கொடுத்திருக்கிறாய்" என்று எரர் வருகிறது. நான் கொடுத்ததே ஒன்றுதான். (வாசகர், மணலி)

தம்பி, எரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்தது ஒன்று. பைத்தான் சத்தமில்லாமல் முன்னால் சேர்த்துக் கொடுத்தது ஒன்று.

எண்பது படகு இருந்தாலும் "பணம் கட்டு" என்ற ஃபங்ஷனை கிளாஸுக்குள் ஒரு தடவைதான் எழுதுகிறோம். சரி, ஐயாயிரம் கட்டு என்றால் யார் கணக்கில் கழிப்பது? அண்ணன் என்ன செய்வார் தெரியுமா? நோட்டில் அந்தப் படகின் பக்கத்தைத் திருப்பி, இடது கை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுவார். அந்த இடது கை விரல்தான் செல்ஃப். "இந்தப் பக்கம்" என்று காட்டுகிறது, அவ்வளவுதான். படகின் பெயரை எழுதி, புள்ளி வைத்து, பணம் கட்டு, ஐயாயிரம் என்று நீங்கள் எழுதும்போது, புள்ளிக்கு முன்னால் இருக்கிற படகை எடுத்து முதல் பொருளாகவும், ஐயாயிரத்தை இரண்டாவது பொருளாகவும் பைத்தான் உள்ளே அனுப்புகிறது. வாங்கிக்கொள்ள நீங்கள் ஒரு இடம்தான் வைத்திருந்தால் அது கத்தத்தானே செய்யும்?

செல்ஃப் என்ற சொல்லுக்கு மந்திர சக்தி கிடையாது. பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்களில் அது இல்லை. அந்த இடத்தில் "விரல்" என்று தமிழில் எழுதினாலும் பைத்தான் 3 ஒப்புக்கொள்ளும். ஆனால் ஊரே செல்ஃப் என்று எழுதும்போது நாமும் அப்படியே எழுதிவிட்டால் பிறகு படிப்பவர் நம்மைத் திட்ட மாட்டார். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் இதே விரலுக்கு திஸ் என்று பெயர். அங்கே அதை வாங்கும் இடத்தில் எழுத வேண்டியதில்லை, தானாக வந்து நிற்கும்.

கூடவே இரண்டு குழிகளைக் காட்டிவிடுகிறேன். ஃபங்ஷனுக்குள் வெறுமனே பாக்கி = 0 என்று எழுதினால் அது சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கிறுக்கிய மாதிரி. ஃபங்ஷன் முடிந்ததும் அட்டை போய்விடும், நோட்டில் பாக்கி அப்படியே இருக்கும். செல்ஃப் புள்ளி பாக்கி என்றால்தான் நோட்டில் ஏறும். இன்னொன்று, என்னிடம் மாடியில் படிக்கிற பையன் ஒருவன் செய்தது. ஒவ்வொரு படகும் எந்தெந்தத் தேதியில் ஐஸ் எடுத்தது என்று வைக்க ஒரு காலி லிஸ்ட் வேண்டும். அதை இனிட் ஃபங்ஷனுக்குள் செல்ஃப் போட்டு எழுதாமல், கிளாஸ் வரிக்குக் கீழே நேராக எழுதிவிட்டான். அப்புறம் எந்தப் படகைக் கேட்டாலும் துறையில் இருக்கிற அத்தனை படகின் தேதியும் கொட்டுகிறது. கிளாஸுக்கு நேர் கீழே எழுதினால் அது நோட்டின் அட்டையில் எழுதியது போல. எல்லாப் பக்கத்துக்கும் பொது. இனிட் என்பது புதுப் பக்கம் திறக்கும்போது நடக்கிற வேலை. பெயர் எழுது, பாக்கி சைபர், தேதிக்குக் காலிக் கட்டம். தனக்கென்று இருக்க வேண்டியதை எல்லாம் அங்கே எழுதுங்கள்.

ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு பெயரில் சேமித்துவிட்டு அந்த இரண்டாவதை மட்டும் மாற்றினேன். முதலாவதும் மாறிவிட்டது! காப்பிதானே எடுத்தேன்? (வாசகர், வியாசர்பாடி)

நீங்கள் காப்பி எடுக்கவில்லை, பட்டப்பெயர் வைத்தீர்கள். நம் பக்கத்தில் ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கேரம் கிளப்பில் ஒரு பெயர். கிளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மொட்டை அடித்தால் ரேஷன் கார்டுக்காரர் தலையிலும் முடி இருக்காது. பைத்தானில் சமக்குறி போடுவது அதே ஆளுக்கு இன்னொரு பெயர் வைப்பதுதான். தனி ஆள் வேண்டுமென்றால் பைத்தானோடு தயாராக வரும் காப்பி என்ற மாட்யூலை (நிரல் தொகுப்பை) வரவழைத்து நகல் எடுக்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் கவனியுங்கள். ஒரே சாமி பெயரில் துறையில் இரண்டு படகு நிற்கும். இரண்டுக்கும் பாக்கி இரண்டாயிரம். இவை சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் பைத்தான் இல்லை என்று சொல்லும். எது ஒன்றாக இருந்தால் சமம் என்று நீங்கள் கிளாஸில் எழுதிக் கொடுக்காத வரை, ஒரே ஆளா என்பதைத்தான் அது பார்க்கும். அதனால்தானே படகின் மேல் பதிவு எண்ணை எழுதுகிறார்கள்? என் கிளாஸிலும் பிறகு அதைச் சேர்த்தேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்தி இதைப் படிக்கிறாள். யார், எதற்காக இதைக் கண்டுபிடித்தார்கள் என்று அவளிடம் கேட்டால், "ஜாவாக்காரங்க தாத்தா" என்கிறாள். சரியா? (வாசகர், ராயபுரம்)

ஐயா, ஜாவா வெளிவந்தது 1995இல். விஷயம் அதற்கு முப்பது வருஷம் மூத்தது. உங்கள் வேலையோடு சம்பந்தப்பட்டதும்கூட.

நார்வே நாட்டின் ஆஸ்லோவில், நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிரிஸ்டன் நிகார்ட் என்று இருவர். அவர்களுக்கு வேண்டியிருந்தது சிமுலேஷன். நிஜத்தில் செய்து பார்க்க முடியாததைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. கப்பல் வருகிறது, பெர்த் காலியில்லை, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. இடம் கிடைக்கிறது, கிரேன் வருகிறது, லாரி வரவில்லை. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை ஒரே நீளமான நிரலாக, முதலில் இது, அடுத்து அது என்று எழுத முடியாது. ஒவ்வொரு கப்பலும் தன் கதையைத் தானே நடத்திக்கொண்டு போகிறது. என்னிடம் எவ்வளவு சரக்கு, நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பதை அதுவே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேவைக்காக அவர்கள் உருவாக்கிய மொழிக்குப் பெயரே சிமுலா. 1967இல் வந்த சிமுலா 67இல் கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளைக்க வைப்பது எல்லாமே இருந்தன. இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. 2002இல் சில வார இடைவெளியில் இருவருமே காலமானார்கள்.

பிறகு கைமாறிய கதை: அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவினர் 1970களில் ஸ்மால்டாக் என்ற மொழியைச் செய்தார்கள். இந்த முறைக்கு "ஆப்ஜெக்ட் ஓரியண்டட்" என்ற பெயர் அவர் வைத்தது. உடம்பில் ஒரு செல் (உயிரணு) இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்புவது போல என்று அவர் யோசித்தார்; உயிரியல் படித்தவர். பியர்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் சிமுலாவில் எழுதிப் பழகியவர். பெல் ஆய்வுக்கூடத்தில் 1979இல் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார், 1983இல் அதற்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வந்தது. ஜாவா அதற்கும் பின்னால்.

பேத்திக்கு ஒரு வேலை கொடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் கியூவில் நிற்பதை அவள் பார்த்திருப்பாள். லாரி என்று ஒரு கிளாஸ், கேட் என்று ஒரு கிளாஸ். கேட் ஒன்றிலிருந்து இரண்டானால் கடைசி லாரி எவ்வளவு நேரம் முன்னால் உள்ளே போகும்? டாலும் நிகார்டும் இதே மாதிரி கேள்விக்குத்தான் மொழியே செய்தார்கள்.

இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன். இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்றால் எல்லா இடத்திலும் நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது. வேறு உதாரணமே கிடையாதா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

இருக்கிறது. அண்ணனின் ஐஸ் கணக்குக்கே திரும்புவோம்.

நாளைக்கு எத்தனை பார் வேண்டும் என்று அண்ணன் முந்தின நாளே பேக்டரியில் சொல்லி வைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு படகும் நாளைக்குக் கடலுக்குப் போகுமா என்று தெரிய வேண்டும். நம் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். என் முதல் நிரலில், விசைப்படகாக இருந்து, தேதியும் தடைக்காலத்துக்குள் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தேன். நான் எழுதியபோது தடைக்காலம் 45 நாள்தான். 61 ஆக்கியபோது ஆறு இடத்தில் மாற்றினேன். ஏழாவது இடம், தடை இன்னும் முடியாத ஜூன் மாதத்தில் பத்து விசைப்படகுக்கு ஐஸ் சொல்லி வைத்தது. ஐஸ் என்ன புளியா, எடுத்து வைத்து அடுத்த வாரம் விற்க? சாயங்காலத்துக்குள் பாதி சாக்கடையில் ஓடியது.

பிறகு மாற்றினேன். படகு என்ற கிளாஸிலிருந்து விசைப்படகு, ஃபைபர் படகு என்று இரண்டு கிளாஸ். பெயர், பாக்கி, பணம் கட்டுவது எல்லாம் தாய்க் கிளாஸில் எழுதியது; இரண்டுக்கும் சும்மா கிடைக்கிறது. அது இன்ஹெரிட்டன்ஸ். "நாளைக்குப் போவாயா" என்ற ஃபங்ஷன் மட்டும் இரண்டிலும் வேறு. விசைப்படகு தேதியைப் பார்த்துச் சொல்லும், ஃபைபர் படகு தேதியைப் பார்க்காமலே போவேன் என்று சொல்லும். கேட்கிற நிரல் யார் எந்த வகை என்று விசாரிப்பதில்லை. வரிசையாக எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கிறது, அவரவர் தன் பதிலைச் சொல்கிறார்கள். அது பாலிமார்ஃபிசம். தடைக்கால விதி விசைப்படகின் வாயில் மட்டும் இருக்கிறது. அரசாங்கம் நாளை மாற்றினால் ஒரே இடத்தில் கை வைத்தால் போதும்.

இன்டர்வியூவில் இதைச் சொல்லுங்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான் ருசி கண்ட பூனையாகி, விசைப்படகிலிருந்து இழுவலைப் படகு, செவுள் வலைப் படகு என்று மேலும் கிளை பிரித்தேன். வரைபடம் பார்க்க அழகாக இருந்தது. ஒரு படகுக்காரர் வலையை மாற்றிக்கொண்டார். இப்போது என்ன செய்வது? பிறந்த கிளாஸிலிருந்து ஒரு ஆப்ஜெக்டைப் பெயர்த்து வேறு கிளாஸில் நடுவது உருப்படியான வேலை இல்லை. புதுப் பக்கம் திறந்து பழைய பாக்கியை நகல் எடுத்து எழுதினேன். மூன்றாவது ஆள் மாற்றியபோது அலுத்துவிட்டது. யோசித்தால், வலை என்பது படகு எடுத்துப் போகிற பொருள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஆகவே வலைக்குத் தனி கிளாஸ் எழுதி, படகுக்குள் வலை என்று ஒரு கட்டம் வைத்தேன். வலை மாறினால் கட்டத்தில் இருப்பதை மாற்று, முடிந்தது. இதற்குப் பெயர் காம்போசிஷன். இரண்டுக்கு மேல் தலைமுறை போகிற இன்ஹெரிட்டன்ஸை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான். புத்தகங்கள் அதற்கு நாற்பது பக்கமும் காம்போசிஷனுக்கு ஒரு பத்தியும் கொடுப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பைத்தானில் பிரைவேட் கிடையாதாமே? பிறகு எப்படி என்காப்சுலேஷன்? (வாசகர், பெரம்பூர்)

ஜாவாவில் பிரைவேட் என்று எழுதினால் வெளியிலிருந்து தொடும் வரியை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும், கல்லாப்பெட்டிக்குப் பூட்டு. பைத்தானில் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போடுவது, கல்லா திறந்தே இருக்கும், ஆனால் அண்ணன் இல்லாதபோது யாரும் உள்ளே கையை விட மாட்டார்கள் என்கிற மாதிரி. வீட்டுக்குள் நடக்கிற கடைக்கு அது போதும். தொகையை நேராக மாற்றாமல் "பணம் கட்டு" வழியாகவே போனால், மைனஸ் ஐநூறு என்று யாராவது தட்டினால் அங்கேயே தடுக்கலாம். உள்ளே இருப்பதை இப்படி அதற்கான ஃபங்ஷன் வழியாக மட்டும் தொடுவதுதான் என்காப்சுலேஷன். பூட்டைவிட அந்தப் பழக்கம் முக்கியம்.

வயது 43. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் நேரம் கிடைக்கிறது. ஜாவாவா, பைத்தானா? வீட்டில் லேப்டாப் மகனுடையது. (இல்லத்தரசி, கொளத்தூர்)

பைத்தான். காரணம் ஒன்றுதான்: முதல் நாளே கிளாஸ் எழுது என்று ஜாவா பிடிவாதம் பிடிக்கும், பைத்தான் பிடிக்காது. மேலே கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்குச் சொன்ன வரிசையில் போக அதுதான் வசதி. மகன் பள்ளியில் இருக்கும் நேரம் லேப்டாப் உங்களுடையது. பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்தால் காலிங் பெல்லும் குக்கரும் விடாது என்றால், உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் உங்கள் கொளத்தூரிலேயே முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கிளாஸ் பெயர், ஃபங்ஷன் பெயரை எல்லாம் தமிழிலேயே எழுதினால் கேலி செய்கிறார்கள். எழுதலாமா? (பிளஸ் டூ மாணவர், எண்ணூர்)

எழுதலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும். கிளாஸ், டெஃப், ரிட்டர்ன் போன்ற அதன் சொந்தச் சொற்களை மட்டும் மாற்ற முடியாது. அவையும் தமிழில் வேண்டுமென்றால் எழில் என்ற மொழி இருக்கிறது. பிரிண்ட் என்பதற்கு அங்கே பதிப்பி, இஃப் என்பதற்கு ஆனால். தொடக்கம் பழக நன்றாக இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் கேட்பார்கள், அதற்கும் கையைப் பழக்கிக்கொள்.

அண்ணனின் கணக்கில் நான் பெயர்களை எல்லாம் தமிழில்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் எரர் வந்தபோது நான் ஊரில் இல்லை. அண்ணி போனில் திரையைப் படித்துக் காட்டினார்: "என்னமோ இங்கிலீஷ்ல இருக்கு, கடைசியில 'தள்ளுபடி'ன்னு இருக்கு." எந்த ஃபங்ஷன் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. தொகை கட்டத்தில் எண்ணுக்குப் பதில் "ஆயிரம்" என்று எழுத்தால் அடித்திருந்தார் அண்ணன்.